முன்னறிவிப்புச் செய்திகளும் அன்றாடப் பண்ணை வேலைகளும்

"வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும்" என்னும் பழமொழியை அறியாத குடியானவர் இல்லை. ஆயினும், வெள்ளம் வரப்போகிறதென்னும் செய்தி காதில் விழுந்த பின்பும் அணை கோலாதிருப்பது எங்கும் சாதாரணமாகக் காணப்படும் குறையாகும். 2021ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், காவிரிப் பாசன ஜில்லாக்களில் சம்பா நெல் முற்றி அறுவடைக்குக் காத்திருந்த சமயம், பருவந் தப்பிய பெருமழை பெய்து கதிர்கள் சாய்ந்து நீரில் மூழ்கின. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்திலும் அவ்வாறே நேர்ந்தது. இவ்விரண்டாவது மழையைக் கொண்டுவந்த காற்றழுத்த மண்டலத்தின் போக்கு, அது வங்கக் கடலில் இருந்தபோதே நாள்தோறும் அறிவிக்கப்பட்டு வந்தது. செய்தி வந்தது, கேட்டவர்களும் அநேகர், ஆனால் கேட்டதற்கேற்ப அன்றைய வேலையை மாற்றிக்கொண்டவர்கள் சிலரே.

எல்லாச் சேதத்தையும் எவராலும் தடுக்க முடியாது என்பது உண்மையே. எனினும், ஒரே மழையில் வடிவாய்க்கால் திறந்திருந்த வயலுக்கும் தூர்ந்து கிடந்த வயலுக்கும், படுதா போட்டு மூடிய குவியலுக்கும் திறந்து கிடந்த குவியலுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. இவ்வேற்றுமை ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பையும், அடுத்த பட்டத்திற்கு விதை முதல் உண்டா, கடன்பட வேண்டுமா என்பதையும் தீர்மானிக்கக் கூடியது. ஆகையால், வரும் செய்திகளை அன்றாடப் பண்ணை வேலைகளோடு இணைத்து நடத்தும் முறை இங்கே விவரிக்கப்படுகிறது.

செய்தி வரும் வழிகள்

இந்திய வானிலை ஆய்வு இலாகா 1875ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1864ஆம் ஆண்டில் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், அதன்பின் மழை பொய்த்து நேர்ந்த பஞ்சங்களும் அதற்குக் காரணமாயின. விவசாயத்துக்குரிய வானிலைப் பிரிவு 1932ஆம் ஆண்டில் புனாவில் ஏற்பட்டது. குடியானவர்களுக்கென்றே தனி வானிலை அறிக்கை 1945ஆம் ஆண்டு முதல் வானொலியில் ஒலிபரப்பாகத் தொடங்கியது. வானிலையோடு பயிருக்குரிய ஆலோசனையையும் சேர்த்துக் கூறும் முறை 1976ஆம் ஆண்டிலும், அதனை ஜில்லாவாரியாக வெளியிடும் முறை 2008ஆம் ஆண்டிலும் ஆரம்பமாயின. வானொலி, பத்திரிகை, கைப்பேசி ஆகிய மூன்று வழிகளாலும் இச்செய்தி இன்று கிராமத்தை எட்டுகிறது.

வானிலை ஒன்றே செய்தியன்று. மேட்டூர் அணையின் நீர்மட்டம், பூச்சி நோய்களின் நடமாட்டம், கொள்முதல் நிலையத்தின் நிலைமை, சந்தை விலை, அறுவடை இயந்திரங்கள் எந்தப் பக்கத்தில் வேலை செய்கின்றன என்னும் விவரம் ஆகிய யாவும் செய்திகளே. இவற்றுள் சில அரசாங்கத்தாரிடமிருந்து வரும். சில அண்டை வயற்காரரிடமிருந்து வரும். மிக முக்கியமான சில, குடியானவருடைய சொந்த வயலிலிருந்தே வரும்.

சொற்களைப் பொருளறிந்து கேட்டல்

வானிலை அறிக்கையில் வழங்கும் சொற்கள் அளவு குறிப்பவை. "ஓரிரு இடங்களில்" என்றால், அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களுள் நூற்றுக்கு 25 வரையில் மழை பெறும் என்பது கருத்து. "சில இடங்களில்" என்பது 26 முதல் 50 வரையிலும், "பல இடங்களில்" என்பது 51 முதல் 75 வரையிலும், "பெரும்பாலான இடங்களில்" என்பது அதற்கு மேலும் உள்ள நிலைமையைக் குறிக்கும். தன் வயல் அவ்விடங்களுள் ஒன்றாவதற்குரிய வாய்ப்பை இதிலிருந்து ஒருவாறு மதித்துக்கொள்ளலாம்.

அவ்வாறே, "கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரையிலும், "மிகக் கனமழை" என்றால் 115.6 முதல் 204.4 வரையிலும், "அதி கனமழை" என்றால் அதற்கு மேலும் பெய்யும் மழையாகும். 100 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் நீரைக் கொட்டும். அந்நீர் முழுவதும் ஒரே மடை வழியாக எத்தனை நேரத்தில் வடியும் என்பதை எண்ணிப் பார்த்தால், வடிகாலை முன்கூட்டியே வெட்டிவிட வேண்டிய அவசியம் விளங்கும்.

நிறங்களால் தெரிவிக்கும் எச்சரிக்கையும் உண்டு. பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு என்பது பொருள். ஆரஞ்சு நிறத்தைக் கண்டதும் செய்ய வேண்டியதைச் சிவப்பு வரும் வரையில் தள்ளிவைத்தால், சிவப்பு வந்தபின் ஆளும் கிடைப்பதில்லை, இயந்திரமும் கிடைப்பதில்லை.

செய்தியின் தவணையும் வேலையின் தவணையும்

செய்தி பயன்படாமற் போவதற்குப் பெரிய காரணம் ஒன்றுண்டு. ஒவ்வொரு காப்பு வேலைக்கும் குறிப்பிட்ட நாட்கள் தேவை. ஒவ்வொரு செய்தியும் குறிப்பிட்ட நாட்களுக்கு முன்னதாகவே வரும். இவ்விரண்டும் பொருந்தினாலன்றிப் பயனில்லை. ஆகவே அபாயங்களை, அவற்றுக்குரிய வேலையின் தவணையைக் கொண்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுதல் நலம்.

முதலாவது, பட்டம் தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டியவை. மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12ஆம் தேதி நீர் திறப்பது வழக்கம். ஆனால் 2012 முதல் 2019 வரையில் எட்டு ஆண்டுகள் அத்தேதியில் திறக்க இயலவில்லை. 2020ஆம் ஆண்டிலேதான் மீண்டும் அவ்வாறு திறக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் உரிய தேதியில் திறந்தும், மேற்கே மழை குறைந்தமையால் நீர் போதாமல் குறுவைப் பயிர் பல இடங்களில் வாடிற்று. ஆதலால், தேதியை மட்டும் நோக்காமல், அணையின் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் நோக்கி விதையைத் தெரிந்தெடுக்க வேண்டும். நீர் உரிய காலத்தில் வருமென்று தோன்றினால் 110 நாள் வயதுடைய ஆடுதுறை 36 போன்ற குறுகிய கால நெல்லைக் குறுவைக்கு விதைக்கலாம். நீர் பிந்துமாயின் குறுவையை விட்டு, ஒரு போகச் சம்பாவுக்கு நிலத்தை ஆயத்தம் செய்வதே உத்தமம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நீர் தேங்கும் பள்ளக்கால் நிலத்திற்கு, இளம் பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கியிருந்தாலும் மீண்டெழும் குணமுடைய சி.ஆர். 1009 சப் 1 போன்ற விதை ஏற்றது. இத்தீர்மானங்களைப் புயற் செய்தி வந்தபின் செய்ய முடியாது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் இதற்குச் சான்றாகும். அப்புயலைப்பற்றிப் பல நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை வந்தது. அதனால் திரளான ஜனங்கள் பத்திரமான இடங்களுக்குச் சென்றனர். ஆனால் தென்னை மரத்தை எங்கே கொண்டுபோவது? தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் ஜில்லாக்களில் தோப்புத் தோப்பாக மரங்கள் சாய்ந்தன. பல ஆண்டுகள் காத்து வளர்க்க வேண்டிய மரத்திற்குரிய பாதுகாப்பை நடும்போதே யோசிக்க வேண்டும். காற்றுத் தடுப்பு வேலி, ஒரே பயிரை நம்பாமல் கலந்து பயிரிடுதல், காப்புறுதி ஆகியவை அத்தகையவை.

இரண்டாவது, பயிர் நிற்கும் காலத்தில் வாரந்தோறும் தீர்மானிக்க வேண்டியவை. மேலுரம் இடுதல், மருந்து தெளித்தல், நீர் கட்டுதல், களை எடுத்தல் ஆகியவை இவ்வகையின. மூன்று நான்கு நாட்களுக்குரிய அறிவிப்பு இவற்றுக்குப் போதும். 45 கிலோ மூட்டை யூரியாவில் 20 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தழைச்சத்து உள்ளது. கனமழை வருமுன் அதனை வயலில் வீசினால், அதில் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடும். இரண்டு நாள் தாமதித்து, மழை வடிந்தபின் இடுவதற்குச் செலவொன்றுமில்லை. தெளித்த மருந்து மழையில் கரைந்து போவதும் அவ்வாறே.

மூன்றாவது, கடைசி 24 முதல் 48 மணி நேரத்தில் செய்ய வேண்டியவை. வடிகால் மடைகளைத் திறத்தல், களத்துக் குவியலை மூடுதல், அறுத்த கதிரை மேட்டுக்கு ஏற்றுதல், முற்றிய வயலை முந்தி அறுத்தல், கால்நடைகளை மேட்டுக்குக் கொண்டுபோதல், மோட்டாரின் மின்னிணைப்பைத் துண்டித்தல் ஆகியவை இவ்வகையின. இவை செய்தி வந்தபின் யோசிக்க வேண்டியவையல்ல. முன்பே யோசித்து வைத்திருந்து, செய்தி வந்தவுடன் செய்ய வேண்டியவை.

வயல் சொல்லும் செய்தி

பூச்சியைக் கண்டவுடன் மருந்து தெளிப்பதும், பயிர் காய்ந்தபின் தெளிப்பதும் இரண்டும் தவறு. முதலாவதால் பணம் வீணாவதன்றி, பூச்சியைத் தின்னும் சிலந்தி முதலிய நண்பர்களும் மடிகின்றன. இரண்டாவதால் மருந்தும் போகிறது, பயிரும் போகிறது. எந்த அளவுக்கு மேல் பூச்சி பெருகினால் அதனால் வரும் நஷ்டம் மருந்துச் செலவை மிஞ்சுமோ, அந்த அளவே செயல்பட வேண்டிய எல்லையாகும். நெற்பயிருக்குரிய எல்லைகள் பின்வருமாறு:

1. குருத்துப்பூச்சி: சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல்கள், அல்லது வளரும் பருவத்தில் நூற்றுக்கு 10 குருத்துகள் காய்ந்திருத்தல், அல்லது பூக்கும் பருவத்தில் நூற்றுக்கு 2 வெண்கதிர்கள்.

2. இலைச்சுருட்டுப்புழு: வளரும் பருவத்தில் நூற்றுக்கு 10 இலைகள் சேதமடைந்திருத்தல், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைகளில் நூற்றுக்கு 5.

3. ஆனைக்கொம்பன்: நூற்றுக்கு 10 தூர்கள் வெள்ளித்தண்டாக மாறியிருத்தல்.

4. புகையான்: தூருக்கு 1 பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருந்தால் தூருக்கு 2 பூச்சிகள்.

5. கதிர்நாவாய்ப்பூச்சி: பூக்கும் பருவத்தில் 100 கதிர்களுக்கு 5, பால் பிடிக்கும் பருவத்தில் 100 கதிர்களுக்கு 16.

இவ்வெல்லைகளைப் பயன்படுத்தும் விதம் கடினமன்று. வாரம் ஒருநாள் காலையில் வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நடந்து, வழியில் 20 குத்துகளைப் பார்க்க வேண்டும். ஒரு குத்தில் 15 தூர்கள் எனக் கொண்டால் மொத்தம் 300 தூர்கள். அவற்றின் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்ததில் 240 புகையான் பூச்சிகள் காணப்பட்டன எனக் கொள்க. குத்துக்கு ஒரு சிலந்தியும் இருக்குமாயின் எல்லை 600 ஆகும். எனவே மருந்து வேண்டுவதில்லை. நீரை வடித்து, தழைச்சத்து இடுவதை நிறுத்தி, மூன்று நாள் கழித்து மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். சிலந்தியே இல்லையாயின் எல்லை 300. 240 என்பது அதற்கு மிக அருகில் இருப்பதால், நீரை வடிப்பதோடு மறுநாளே மீண்டும் எண்ணிப் பார்த்து, ஆயத்தமாக இருக்க வேண்டும். பூச்சியின் தொகை ஒன்றே. ஆனால் செய்ய வேண்டியது வேறு.

புகையான் வந்தபின் விரட்டுவதைக் காட்டிலும், அது பெருகுவதற்கு இடங்கொடாதிருத்தல் எளிது. நெருக்கி நடுதல், தழையுரத்தை அளவுக்கு மிஞ்சி இடுதல், நீரை எப்பொழுதும் தேக்கி வைத்தல் ஆகிய மூன்றும் அதற்கு விருந்திடுவதை ஒக்கும். நடும்போதே எட்டடிக்கு ஓர் அடி வீதம் பட்டம் விட்டு நட்டால் காற்றும் வெளிச்சமும் அடித்தூருக்கு எட்டும். வயலுள் நடந்து பார்ப்பதற்கும் வழியுண்டாகும். செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகளைத் தெளித்தால் புகையான் குறையாமல் மீண்டும் பெருகுவதுண்டு. ஆகையால் அவற்றை விலக்க வேண்டும்.

அண்டை ஊர்ச் செய்தியையும் அலட்சியம் செய்யலாகாது. மக்காச்சோளத்தை அழிக்கும் படைப்புழு 2018ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் முதன்முதல் காணப்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளப் பயிரையும் தாக்கிற்று. வெகு தூரம் பறந்து செல்லும் பூச்சிகளுக்கு ஜில்லா எல்லை கிடையாது.

செலவையும் நஷ்டத்தையும் நிறுத்துப் பார்த்தல்

"உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று சொல்வதுண்டு. விளைவைப்பற்றி மனம் சோராதிருக்க அப்பழமொழி உதவலாம். ஆனால் அபாயத்தைப்பற்றிய கணக்கை விட்டுவிடுவதற்கு அது சாக்காகாது. இக்கணக்கு மிக எளியது. காப்பதற்காகும் செலவை, காவாவிடில் நேரும் நஷ்டத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் பங்கைக் காட்டிலும் அபாயத்தின் வாய்ப்பு அதிகமாயின் செயல்பட வேண்டும், குறைவாயின் பொறுத்திருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, களத்தில் குவித்த நெல்லைப் படுதாவால் மூடுவதற்கு, வாடகையும் ஆட்கூலியும் சேர்த்து ரூபாய் 800 ஆகும் எனவும், மூடாமல் மழையில் நனைந்தால் நஷ்டம் ரூபாய் 8,000 எனவும் கொள்க. 800ஐ 8,000ஆல் வகுத்தால் பத்தில் ஒரு பங்கு. ஆகவே மழை வரும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டால் மூடுவதே லாபம். "சில இடங்களில் மழை" என்னும் அறிவிப்பே இதற்குப் போதுமானது.

மற்றொன்றையும் நோக்குக. முற்றுவதற்கு ஒரு வாரம் இருக்கும் கதிரை முந்தி அறுப்பதால் மகசூல் குறைவும் ஈரமும் சேர்ந்து ஏக்கருக்கு ரூபாய் 5,000 நஷ்டம் எனவும், அறுக்காமல் விட்டு மழையில் சாய்ந்தால் ரூபாய் 10,000 நஷ்டம் எனவும் கொள்க. இங்கே பங்கு இரண்டில் ஒன்று. எனவே "ஓரிரு இடங்களில்" என்றோ "சில இடங்களில்" என்றோ அறிவிப்பு வரும்போது அறுத்துவிடுவது அவசரமாகும்; "பல இடங்களில் கனமழை" என்று வந்தால் அறுப்பதே விவேகம். ஒரே செய்தி ஒரு வேலைக்குப் போதுமானதாகவும், வேறொரு வேலைக்குப் போதாததாகவும் இருப்பதை இதனால் அறியலாம். இத்தொகைகள் விளக்கத்திற்காகக் கூறியவை. ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கூலியையும் விலையையும் வைத்து, அறுவடைக்கு முன்பே ஓய்வான நாளில் இக்கணக்கைப் போட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். மழை முகத்தில் கணக்குப் போட மனம் ஓடாது.

பொய்த்துப்போன அறிவிப்பு

"போன தடவை மழை வருமென்றார்கள், வரவில்லை, படுதாக் கூலிதான் தண்டம்" என்னும் பேச்சு கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படுகிறது. மேற்கண்ட கணக்கைக் கொண்டே இதற்கு விடை காணலாம். பத்து முறை மூடினால் மொத்தச் செலவு ரூபாய் 8,000. அவற்றுள் ஏழு முறை மழை வராமற் போய், மூன்று முறை மட்டும் வந்ததென்றாலும், மூடாதிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய நஷ்டம் ரூபாய் 24,000. ஏழு முறை ஏமாந்தவர் ரூபாய் 16,000 மிச்சம் பிடித்தவராகிறார். ஆதலால் ஓர் அறிவிப்பின் மதிப்பை ஒரு நாளைக் கொண்டு அளக்காமல், பல நாட்களைச் சேர்த்தே அளக்க வேண்டும். வராத மழைக்காக மூடிய செலவு, வேலிக்குச் செய்த செலவைப் போன்றது. ஆடு மேயவில்லையென்று வேலியைப் பிடுங்குவார் எவருமில்லை.

வேலையைப் பெயர் சொல்லி ஒப்படைத்தல்

செய்தி கேட்பவர் ஒருவர், மடையைத் திறப்பவர் வேறொருவர் என்னும் நிலைமை அநேக பண்ணைகளில் உண்டு. பட்டணத்தில் இருக்கும் மகன் கைப்பேசியில் எச்சரிக்கையைப் பார்க்கிறான். தகப்பனார் வயலில் இருக்கிறார். மண்வெட்டி பக்கத்து வீட்டில் இருக்கிறது. இத்தகைய சிறு தடைகளாலேயே பெரிய நஷ்டம் நேருகிறது. ஆகையால் பருவமழைக்கு முன்பே, புரட்டாசி மாதத்திற்குள், பின்வருவனவற்றை ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

காலை, மாலை இருவேளையும் அறிவிப்பைக் கேட்டுச் சொல்லும் பொறுப்பு வீட்டில் ஒருவருக்கு இருக்க வேண்டும். எந்த மடையை யார் திறப்பது, கால்நடைகளை யார் ஓட்டுவது, படுதாவும் கயிறும் எங்கே இருப்பது என்பவை முன்பே முடிவாயிருக்க வேண்டும். அறுவடை இயந்திரக்காரரிடம், முற்றும் தேதியை இருபது நாட்களுக்கு முன்பே தெரிவித்துப் பேசி வைக்க வேண்டும். குத்தகைக்குச் சாகுபடி செய்வோரும் சிறிய நிலமுடையோரும் ஆளுக்கொரு படுதா வாங்க இயலாதாயின், ஐந்தாறு பேர் கூடிப் பொதுவில் வாங்கி, யாருடைய குவியலை முதலில் மூடுவதென்பதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

வடிவாய்க்கால் விஷயத்தில் தனியொருவருடைய முயற்சி பயன்படாது. மேல்மடைக்காரர் தம் வயலை வடித்தால் அந்நீர் கீழ்மடைக்காரர் வயலில்தான் நிற்கும். கீழேயுள்ள வாய்க்கால் ஆகாயத்தாமரையால் அடைபட்டிருந்தால் இருவருக்கும் நஷ்டமே. ஆகவே ஊர் கூடி, கடைமடையிலிருந்து தொடங்கி மேல்நோக்கித் தூர் வாருவதே முறையாகும்.

ஈரமும் விலையும்

நேரடி கொள்முதல் நிலையங்களில் நெல்லுக்கு நூற்றுக்கு 17 வரையில் ஈரம் அனுமதிக்கப்படுகிறது. மழைச் சேதமுற்ற சில ஆண்டுகளில் அரசாங்கம் இவ்வரம்பைத் தளர்த்தியதுண்டெனினும், அதனை நம்பி உலர்த்தாதிருத்தல் கூடாது. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்கு உலர்த்தினால் 94 கிலோ நிற்கும். இக்கணக்கை அறிந்தவர், ஈர நெல்லுக்கு வியாபாரி சொல்லும் விலையையும் உலர்ந்த நெல்லுக்குரிய கொள்முதல் விலையையும் சரிவர ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூன்று நாள் வெயில் நிச்சயமாயின் உலர்த்தி விற்பது நலம். மழை நிச்சயமாயின் சற்றுக் குறைந்த விலைக்கு உடனே கொடுத்துவிடுவதும் நஷ்டமாகாது. இங்கே வானிலைச் செய்தியே விலைச் செய்தியாகிறது. கொள்முதல் நிலையத்தில் எத்தனை நாள் மூட்டைகள் தேங்கியிருக்கின்றன என்பதை அறுவடைக்கு முன்பே விசாரித்தறிதலும் அவசியம்.

எஞ்சிய நஷ்டத்திற்கு ஏற்பாடு

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் தடுக்க முடியாத நஷ்டம் எஞ்சியே நிற்கும். அதற்காகவே பயிர்க் காப்புறுதி ஏற்பட்டுள்ளது. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்புறுதித் திட்டத்தில், உணவுப் பயிருக்குக் குடியானவர் செலுத்த வேண்டியது, காப்புத் தொகையில் கார் பருவத்திற்கு நூற்றுக்கு 2, ராபி பருவத்திற்கு நூற்றுக்கு ஒன்றரை என விதிக்கப்பட்டது. இதில் மூன்று தவறுகள் அடிக்கடி நேருகின்றன. புயல் கிளம்பியபின் பதிவு செய்ய ஓடுவது முதலாவது. அடங்கலில் உள்ள பயிரும் வயலில் உள்ள பயிரும் வேறுபட்டிருப்பது இரண்டாவது. தனி வயல்களில் நேரும் சேதத்தையும், அறுத்து வயலில் காயப்போட்ட கதிருக்கு 14 நாட்களுக்குள் நேரும் சேதத்தையும் 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்காமல் விடுவது மூன்றாவது. அறிவிக்கப்பட்ட கடைசி நாளைச் சுவரில் எழுதிவைத்தால் முதல் தவறு நேராது.

உயிருக்குரிய எச்சரிக்கை

பயிரைக் காட்டிலும் உயிர் பெரிது. இடி மின்னல் எச்சரிக்கையுள்ள நாளில் நடவுக்கும் களைக்கும் வந்த பெண்களை வெட்டவெளியில் நிறுத்தி வேலை வாங்குதல் தகாது. இடியோசை காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறதென்று கொண்டு, உடனே வயலைவிட்டுக் கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்குவது வெளியில் நிற்பதைக் காட்டிலும் அபாயகரமானது. பாதி நாள் வேலை நின்றாலும் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுவதென்று முன்பே பேசியிருந்தால், கூலியை எண்ணி மழையில் நிற்க எவரும் நினைக்க மாட்டார்கள். இதுவும் அபாயக் கணக்கில் சேர வேண்டிய ஒரு செலவேயாகும்.

குறிப்புப் புத்தகம்

இம்முறை முழுவதும் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் அடங்கும். பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரித்து, தேதி, வந்த செய்தி, செய்த வேலை, நேர்ந்த பலன் என்பவற்றை ஒவ்வொரு வரியாக எழுதிவர வேண்டும். செய்த வேலை என்னும் பத்தியில் ஒன்றுமில்லை என்று தோன்றும் நாட்களிலும் "ஒன்றும் செய்யவில்லை" என்று எழுத வேண்டும். அவ்வாறு எழுதும்போது, அது யோசித்துச் செய்யாமல் விட்டதா, மறந்து விட்டதா என்பது தனக்கே விளங்கும். அறுவடைக்குப்பின் ஒருநாள் உட்கார்ந்து அப்பக்கங்களைப் புரட்டினால், தன் ஊருக்கு எந்த அறிவிப்பு எவ்வளவு பொருந்துகிறது, எந்த மடையில் நீர் தங்குகிறது, எந்த வாரத்தில் புகையான் தலைகாட்டுகிறது என்பவை தெளிவாகும். மூன்று ஆண்டுகள் இப்படி எழுதிய புத்தகம், அவ்வயலைப் பொறுத்தவரையில், வெளியிலிருந்து வரும் எந்த அறிக்கைக்கும் குறைந்ததன்று.

மழையையும் காற்றையும் தடுத்து நிறுத்தும் வல்லமை மனிதனுக்கில்லை. அவை வருமுன் சில நாட்களை அறிந்துகொள்ளும் வசதி இக்காலத்தில் கிடைத்துள்ளது. அந்தச் சில நாட்களை வேலையாக மாற்றுபவர் களத்திலே நெல் சேரும். வருகிற புரட்டாசிக்குள் ஒவ்வொரு குடியானவரும் வடிகாலைத் திருத்தி, படுதாவைத் தேடி எடுத்து, குறிப்புப் புத்தகத்தின் முதல் வரியை எழுதத் தொடங்குவாராக.